மேலே சொன்னதெல்லாம் உண்மை

எங்க குருவுக்கு இருபத்தேழு வயசு. சிஷ்யன் எனக்கு அம்பது தாண்டிருச்சு.

குரு பேரு ஜெனிட்டா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மெடிக்கல் கடை மாடியில கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குது. என்னைய அது சார்னு கூப்பிடும். நான் அத மிஸ்னு கூப்பிடுவேன். கிளாஸ்ல மத்தவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

நான் ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்தேன். மில்ல மூடிட்டாங்க. அதுக்கப்புறம் பயோடேட்டாவ எங்க குடுத்தாலும் வாங்கி வச்சுக்கிறாங்க, கூப்பிட மாட்டேங்குறாங்க. இப்ப ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டோருக்கு ஆள் கேட்டிருந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இதுவும் போச்சுன்னா மச்சினன் ஹார்டுவேர் கடையிலதான் போய் நிக்கணும். அவன் வாய்க்குப் பட்டினியே தேவலாம்.

மிஸ் என் பயோடேட்டாவத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

"எப்ப அடிச்சது சார் இது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல. அப்புறம் நடந்ததெல்லாம் பேனாவுல சேத்திருக்கேன், தெரியலயா?"

"தெரியுது. போட்டோ, பொறந்த தேதி, அப்பா பேரு, மதம், உயரம், எடை எல்லாம் இருக்கு."

"இருந்தா என்ன? நான் அநாதையா?"

"இப்ப யாரும் போடுறதில்ல சார்."

"இப்ப யாரும் அப்பாவுக்குச் சோறே போடுறதில்ல. அதுக்காக?"

அது சண்டைக்கு வரல. கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்தத் தொறந்துச்சு. இடது ஓரம் நீலம், மீதி வெள்ளை. பாக்க விமானக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருந்துச்சு.

"இது புது மாடல் சார். உள்ள எழுதியிருக்கறது சும்மா மாதிரிக்கு. அத அழிச்சுட்டு உங்களோடத எழுதுங்க."

எழுதுனேன். பாதிய அழிச்சேன். மீதி நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். மச்சினன் மகன் ரெஸ்யூம்ல பாத்தது கொஞ்சம் ஞாபகம் இருந்துச்சு, அதையும் சேத்தேன். ஒவ்வொரு தெறமைக்கும் பக்கத்துல நட்சத்திரம் போடச் சொல்லுச்சு. கஞ்சத்தனம் பண்ணல, எல்லாத்துக்கும் அஞ்சு. முடிச்சுட்டுப் பாத்தா எனக்கே எந்திரிச்சு நின்னு வணக்கம் வைக்கலாம்போல இருந்துச்சு.

கடைசியா, 'மேலே சொன்னதெல்லாம் உண்மை என உறுதி கூறுகிறேன்'ங்கற வரியையும் அடிச்சேன். கீழ இடம், தேதி, கையெழுத்து.

"இந்த வரி வேண்டாம் சார். இப்ப யாரும்..."

"இன்னொரு தடவ 'இப்ப யாரும்'னு சொன்னீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன் மிஸ்."

அது நிறுத்திக்கிச்சு. நான் நிறுத்தல.

"அப்பா பேர எடுத்தீங்க. போட்டோவ எடுத்தீங்க. பொறந்த தேதிய எடுத்தீங்க. இது நான்தான்னு சொல்ல அந்தக் கையெழுத்து ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் எடுத்துட்டா, கடையில தொங்குற சட்டைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பக்கத்துல டைப் அடிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் என்னையப் பாத்தாங்க.

மிஸ் மவுஸ்ல இருந்து கைய எடுத்துச்சு.

"சரி சார். இருக்கட்டும்."

எனக்குச் சப்புனு ஆயிருச்சு. இன்னும் நாலு வார்த்தை கைவசம் வச்சிருந்தேன்.

பிரிண்ட் எடுத்துச்சு. பேனாவையும் குடுத்துச்சு.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஸ்கேன் பண்ணி அனுப்பிரலாம்."

மூடியக் கழட்டுனேன். மில்லுல சரக்கு லாரி வந்து நிக்கும். டிரைவர் 'சீக்கிரம் போடுண்ணே'ம்பான். சீட்டுல இருக்கறது பெட்டியில இருக்கான்னு பிரிச்சுப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்து வச்சதில்ல. அந்தப் பழக்கத்துல வெரல் தானா மொத வரிக்குப் போச்சு. எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

பிரெஞ்சு மொழி சுமாராத் தெரியும்னு இருந்துச்சு.

"இத யாரு எழுதுனது மிஸ்?"

"மாதிரியில இருந்தது. நீங்க அழிக்கல."

"நீங்க பாத்தீங்கல்ல? சொல்லக் கூடாதா?"

"கையெழுத்துப் போடுறது நீங்கதானே சார்."

பிரெஞ்சப் பேனாவால கோடு போட்டு அடிச்சேன்.

அடுத்து, நாப்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்தியவர். எனக்குக் கீழ இருந்தது ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் வாரத்துல பாதி நாள் வர மாட்டான். அடிச்சேன்.

வெளிநாட்டுக் கொள்முதலில் அனுபவம். ஜெர்மன் பேரிங் பெட்டிய ஒரு தடவ எறக்கி வச்சிருக்கேன். அடிச்சேன்.

எக்ஸெல்லுக்கு அஞ்சு நட்சத்திரம். மிஸ் மூஞ்சியப் பாத்தேன். போன வாரம்தான் அது எனக்குக் கூட்டல் போடச் சொல்லிக் குடுத்துச்சு. மூணு நட்சத்திரத்த அடிச்சேன். அப்புறம் இன்னொண்ணையும் அடிச்சேன்.

நான் அடிக்க அடிக்க, மிஸ் அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கிட்டே வந்துச்சு. திரும்பப் பிரிண்ட் எடுத்து முன்னாடி வச்சுச்சு.

மேல என் பேரு, தனுஷ்கோடி. போன் நம்பரு. மில்லு பேரு, சேந்த வருஷம், மூடுன வருஷம். சரக்க சரிபாத்து வாங்குனது, பத்திரமா வச்சது, கேட்டப்ப எடுத்துக் குடுத்தது. ஆடிட்ல எந்த வருஷமும் சரக்கு கொறஞ்சதில்ல. கொஞ்சம் எக்ஸெல். தமிழ். எழுத்துக் கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ். கீழ அந்த வரி.

வேற ஒண்ணும் இல்ல. நீலத்துக்குப் பக்கத்துல முழுக்க வெள்ளைதான் தெரிஞ்சுச்சு.

திட்டலாம்னு பாத்தேன். யாரத் திட்டன்னு தெரியல.

"இவ்ளோதானா மிஸ் நானு?"

மிஸ் தாள எடுத்துப் பாத்துச்சு. திரும்ப மவுஸப் புடிச்சுச்சு.

"இடம் நெறையக் கெடச்சிருக்கு சார். இப்ப உங்க பேரப் பெரிசாப் போடலாம்."