அண்டாவின் மேல் கரடி

அடர்ந்த ஒரு காட்டில், பலாமரங்களுக்கு நடுவே, ஒரு பெருந்தீனிக் கரடி வாழ்ந்தது. நாளுக்குப் பத்துப் பழம் பிளக்கும். பாதி தின்னும், மீதியை எறியும்.

பக்கத்தில் குடியிருந்த முள்ளம்பன்றிதான் காட்டுக்கே கஞ்சி காய்ச்சுவது. அது ஒருநாள், "கரடியாரே, மீந்ததை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டது.

"அந்தக் குப்பையையா? அள்ளிக்கொண்டு போ. நாற்றம் தாங்கவில்லை."

முள்ளம்பன்றி அதையெல்லாம் ஒரு குழியில் கொட்டி, எருமைச் சாணமும் தண்ணீரும் கலந்தது. மேலே பெரிய அண்டா ஒன்றைக் கவிழ்த்தது. அதிலிருந்து அடுப்புவரை ஒரு மூங்கில் குழாயைச் செருகி, அதன் வாயை அடைத்தது.

"பலாப்பழத்துக்குச் சமாதியா?" என்று கரடி உருண்டு உருண்டு சிரித்தது.

சில வாரங்களில் அடைமழை வந்தது. விறகெல்லாம் நனைந்து ஊறிப்போயிற்று. மான்குட்டிகள் பசியிலும் குளிரிலும் வெடவெடத்தன. முள்ளம்பன்றி குழாயைத் திறந்து, சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டியது. பக்கென்று நீலத் தீ எரிந்தது. குழியில் அழுகியவை வாயுவாகி, அண்டாவில் நிறைந்திருந்தன. உலை கொதிக்க, மான்குட்டிகள் கிண்ணத்தைத் தட்டித் தாளம் போட்டன.

கரடிக்குப் பொறுக்கவில்லை. "பழம் என்னுடையது. வாயுவும் என்னுடையது. எவருக்கும் தரமாட்டேன்" என்று குழாயை அடைத்துவிட்டு, அண்டாவின் மேல் ஏறிச் சம்மணமிட்டது. அடுப்பு அணைந்தது. கஞ்சி அரைவேக்காட்டில் நின்றது.

நேரம் போகப் போக அண்டா மெல்ல மேலே எழும்பியது.

"இறங்கிவிடுங்கள், கரடியாரே. உள்ளே வாயு பெருகுகிறது" என்றது முள்ளம்பன்றி.

"பெருகட்டும். பார், இப்போது யானையைவிட நான்தான் உயரம்."

அண்டா இன்னும் எழும்பியது. ஒரு பக்கம் சாய்ந்தது. யானை விடுகிற ஏப்பம்போல 'பொளக்' என்று ஒரு சத்தம். கரடி தலைகுப்புறக் குழிக்குள் விழுந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு காதுகள் மட்டுமே.

கஞ்சிக்குக் காத்திருந்த யானை கரடியைத் தூக்கி வெளியே போட்டது. முள்ளம்பன்றி அண்டாவை மறுபடி குழியின் மேல் கவிழ்த்து, குழாயைத் திறந்தது. மறுநாள் தீ மீண்டும் எரிந்தது. எல்லோருக்கும் சுடச்சுடக் கஞ்சி கிடைத்தது. கரடிக்கும் கிடைத்தது. ஆனால் ஐந்து முழ நீள அகப்பையில்தான் முள்ளம்பன்றி நீட்டியது.

நீதி: எறியும்போது குப்பை என்றவன், எரியும்போது என்னுடையது என்றால் நாறிப்போவான்.