ராஜாவின் வண்டியில் ஓர் இடம்

நெடுங்காலத்துக்கு முன்பு, நீலியாறு பாயும் கொன்றைநாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் முன்பின் பார்க்காமல் பேசிவிடுவார். அவருடைய ஒரே தங்கை கயற்கண்ணி ஓர் உப்பு வணிகனைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி என் வண்டியில் அவளுக்கு இடமில்லை" என்று சபை நடுவே சொல்லிவிட்டார். ராஜா சொன்ன சொல்லை யார் திருப்பி எடுப்பது?

ஆடிப்பெருக்கன்று ராஜகுடும்பம் ஒரே கூண்டு வண்டியில் ஆற்றுக்குப் போவது அந்த நாட்டு வழக்கம். உள்ளே எதிரெதிராக இரண்டு பலகைகள். ஒன்றில் ராணியும் இரண்டு இளவரசிகளும் நெருக்கியடித்து உட்காருவார்கள். மற்றது ராஜாவுடையது. "கயலைக் கூட்டிக்கொள்ளலாமா?" என்று ஒவ்வோர் ஆடியிலும் ராணி கேட்பாள். "வண்டியில் இடம் ஏது?" என்பார் ராஜா. பேச்சு அதோடு நின்றுவிடும்.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும், உப்பு வண்டிகள் கழுத்துமணி குலுங்க அரண்மனைத் தெருவைக் கடந்துபோயின. ஏதாவது ஒரு வண்டி வாசலில் நிற்கும் என்று ராஜா காத்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. சபைக்கு வந்ததும் வராததுமாக அறிவித்தார்.

"குடும்ப வண்டியில் இன்னோர் இருக்கை வேண்டும். வண்டி ஓர் அங்குலமும் நீளக்கூடாது. இப்போது உட்காருகிறவர்கள் யாரும் ஓர் அங்குலமும் நகரக்கூடாது. மடியில் உட்காருவதும் கூடாது. செய்து காட்டுகிறவருக்கு என் முத்துமாலை."

"இருக்கை யாருக்கு, அரசே?" என்றார் மந்திரி குமுதனார்.

"யாருக்கோ. உமக்கென்ன?"



அரண்மனை வண்டிகளுக்கு அதிகாரி தண்டலையார். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறெரியும். "அரசே, மந்திரிக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? மாட்டுக்கு வால் எந்தப் பக்கம் என்றே தெரியாது."

"அதற்கென்ன, உங்கள் பின்னாலேயே வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மந்திரி.

தண்டலையார் வண்டியின் பின்வாசலில் பட்டு மெத்தை வைத்த பலகையொன்றைத் தொங்கவிட்டார். "வண்டி நீளவில்லை, அரசே, பலகைதான் தொங்குகிறது" என்று சொல்லி, தாமே ஏறி உட்கார்ந்தார். கனத்த சரீரம். பின்பாரம் தாங்காமல் நுகம் மேலே கிளம்ப, மாடுகள் கழுத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தன. அதிகாரி வழுக்கிச் சாணியில் உட்கார்ந்தார்.

"இருக்கை நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார் மந்திரி. சபையே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. இந்த மடையனாவது ஜெயித்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.

"எனக்கு நாளைவரை அவகாசம் கொடுங்கள். ஆசாரி வேண்டாம், பூக்காரி போதும்" என்றார் மந்திரி.

மறுநாள் காலை பலகைகளின்மேல் புதுப் பட்டு விரித்திருந்தது. "எப்போதும்போல உட்கார்ந்து ஆற்றங்கரைவரை போய்வாருங்கள்" என்றார் மந்திரி. போய்வந்தார்கள்.

"எங்கே புது இருக்கை? பட்டுதான் புதிது" என்றார் தண்டலையார்.

மந்திரி பட்டை விலக்கினார். அடியில் மல்லிகை மொட்டுகள் பரப்பியிருந்தன. ராணியின் பலகையில் அத்தனையும் நசுங்கிக் கிடந்தன. ராஜாவின் பலகையில் வலது ஓரத்து மொட்டுகள் மட்டும் நசுங்கியிருந்தன. இடப்பக்கம், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, ஒரு மொட்டுகூடக் கசங்கவில்லை.

"அது ராஜா விஸ்தாரமாக உட்கார விட்ட இடம்" என்றார் தண்டலையார்.

"விஸ்தாரமாக உட்கார்ந்தவர் மொட்டுகளை ஏன் விட்டுவைத்தார்?" மந்திரி ராஜாவின் பக்கம் திரும்பினார். "வண்டி நீளவில்லை. நீங்களும் நகரவேண்டாம். இந்த இருக்கையை நான் செய்யவில்லை, அரசே. இத்தனை வருஷமாக ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து இதைக் காத்துவந்தது நீங்கள்."

ராஜா அந்த வெள்ளை மொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து கயல் உட்கார்ந்த பக்கம் அது. தாம் ஒதுங்கி உட்காருவது அவருக்கே தெரியாது.

முத்துமாலையைக் கழற்றித் தம் கையாலேயே மந்திரிக்குப் போட்டார். "தண்டலையாரே, கயல் இருக்கும் உப்பளத்தூர்வரை நீர் நடந்தே வாரும். போகிற வழியில் கர்வம் கொஞ்சம் இறங்கட்டும்."

ஆடிப்பெருக்கன்று வண்டி உப்பளத்தூரில் போய் நின்றது. மந்திரி குதிரையில் கூடவே வந்திருந்தார். உப்பு வணிகன் வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தான். கயற்கண்ணி இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தாள். இன்னும் இரண்டு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"ஏறு" என்றார் ராஜா.

"ஒருத்திக்கே இடமில்லை என்றாயே, அண்ணா. இப்போது நாலு பேர்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி உப்புக் குவியலை வேடிக்கை பார்த்தார். ராஜா இறங்கிப்போய் வண்டிக்காரன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "சற்று நகர்ந்து உட்காரப்பா" என்றார்.

வண்டி கிளம்பியது. உள்ளே கயலின் மூத்த பெண் கேட்டாள்: "அம்மா, இந்த மாமா ஏன் இத்தனை நாள் வரவேயில்லை?"

கயற்கண்ணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ராஜா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வளையல் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. ஆறு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு.