மூன்று மரத்துக் குருமார்

ஆற்றங்கரைக் காட்டில் ஓர் அத்தி மரம், ஒரு நாவல் மரம், ஓர் இலுப்பை மரம். மூன்றிலும் குரங்குகள். மூன்று மரத்துக்கும் சாமி ஒன்றுதான், சூரியன். ஆனால் கும்பிடுகிற முறையில் சண்டை போட்டுப் பிரிந்துவிட்ட கூட்டங்கள்.

அத்தி மரத்துக் குரு கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாவல் மரத்துக் குருவுக்கு மனைவி மக்கள் உண்டு. இலுப்பை மரத்தில் குரு என்று யாரும் இல்லை. பாட்டுச் சொல்லிக் கொடுப்பவரை 'அண்ணன்' என்றே கூப்பிடுவார்கள். ஒரு வழக்கம் மட்டும் மூன்றுக்கும் பொது. விடியல் பாட்டுப் படிக்கக் குட்டிகள் உச்சிக் கிளைக்குத் தனியாகத்தான் போக வேண்டும். பெற்றவள்கூட உடன் போகக் கூடாது.

அத்தி மரத்தில் செம்பி என்ற குரங்கின் குட்டி ஒருநாள் மேலே போக மறுத்தது. பேன் பார்க்கிற சாக்கில் செம்பி அதன் முதுகு முடியை விலக்கினாள். பல் தடம்!

"யாருடி கடிச்சது?"

"குரு. வெளியே சொன்னா சூரியன் உதிக்காதாம்மா."

செம்பி அலறினாள். மரத்துப் பெரிய தலைகள் ஓடி வந்தன.

"மெதுவாப் பேசு! நாவல் மரத்துக்காரனுக்குக் கேட்டுடப் போகுது! மரத்தோட மானம் என்ன ஆகிறது?"

"என் பிள்ளை ரத்தம் சிந்தியிருக்கு!"

"சரி, சரி. குருவைத் தெற்குக் கிளைக்கு மாத்திடறோம்."

"அங்கேயும் குட்டிங்க இருக்கே!"

"அதுங்க நம்ம குட்டி இல்லையே!"

செம்பி குட்டியைத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்துக்குத் தாவினாள். அங்கே ஒரே கொண்டாட்டம். பழம் தின்றபடி சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு அக்கா! கல்யாணம் ஆகாதவனைக் குருவாக்கினா வேற என்ன நடக்கும்?"

அழுகிற குட்டிக்கு ஒரு பழம் கொடுக்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை. அப்போது அந்த மரத்துக் குட்டி ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து வந்தது.

"எனக்கும் இதே மாதிரி இருக்கு."

பளார் என்று ஒரு கிழக் குரங்கு அதை அறைந்தது. "முள்ளு கிழிச்சிருக்கும்! நம்ம குரு சம்சாரி! வாயை மூடு!"

அறை வாங்கிய குட்டியின் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து செம்பியின் பக்கத்தில் நின்றாள்.

எதிரே இலுப்பை மரம் கைகொட்டிச் சிரித்தது. "ரெண்டு மரமும் நாறுது! குருன்னு ஒருத்தனைத் தலைமேலே தூக்கி வெச்சா இப்படித்தான்! எங்க மரத்துல எல்லாரும் அண்ணன் தம்பி!"

"அப்படின்னா உங்க குட்டிங்க முதுகையும் விலக்கிப் பாருங்களேன்!" என்று கத்தினாள் செம்பி.

சிரிப்பு நின்றது. ஒருத்தி மட்டும் தன் குட்டியின் முடியை விலக்கினாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குட்டியோடு கீழே இறங்கினாள். "துரோகி!" என்று அவள் மேல் காய்ந்த குச்சிகளை வீசினார்கள்.

மூன்று தாய்மாரும் ஒரு பாறையடியில் கூடினார்கள். "கல்யாணம் ஆனவனோ, ஆகாதவனோ, அண்ணனோ, எவனா இருந்தாலும் சரி, நம்ம குட்டி தனியாப் போகாது" என்றாள் செம்பி. மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அதன்பின் அந்தக் குட்டிகளை யாரும் தொடவில்லை.

மரங்களிலோ, மறுநாள் காலையில் இரண்டு குருமாரும் இலுப்பை மரத்து அண்ணனும் அடுத்த மரத்துப் பாவத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பிரசங்கம் செய்தார்கள். கூட்டம் மெய்சிலிர்த்துப் போனது. பிரசங்கம் முடிந்ததும் குட்டிகளைப் பாட்டுப் படிக்க மேலே அனுப்பி வைத்தது, தனியாக.

அடுத்தவன் கூட்டத்துக் குற்றத்தை மட்டுமே பார்த்துச் சிரிக்கிறவன், தன் பிள்ளையைத் தன் கையாலேயே கொடியவனிடம் ஒப்படைக்கிறான்.