இடது மட்கார்டு

"அளவுல ஒரு நூல்கூடப் பிசகலீங்க மாஸ்டர். பின்ன ஏன் வேண்டாங்கறீங்க?"

கேட்டவர் சீடர் கனகசபை. வயது அறுபத்தொன்று. பம்ப் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் அளவு பார்த்தே ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல் டிங்கரிங் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

குரு பர்வீனுக்கு முப்பத்தாறு. வேலை பிடிக்கவில்லை என்றால் தலையை ஆட்டுவார். காரணம் கேட்டால் டீ சொல்லி அனுப்புவார். அப்படி ஒரு குரு.

பட்டறையில் நின்றது பந்தயக் கார். எழுபது வருடத்துக்கு முன்னால் இத்தாலியில் கையால் தட்டிச் செய்தது. மொத்தமே இருபத்திரண்டுதான் செய்தார்களாம். அதில் ஒன்று கப்பலேறி பம்பாய்க்கு வந்து, மூன்று கை மாறி, கோயம்புத்தூரில் ஹேமாவதி வீட்டில் ஐம்பது வருடம் இருந்தது.

போன ஐப்பசி மழையில் அதன்மேல் வேப்பமரம் விழுந்தது. இடது மட்கார்டு அப்பளமாக நொறுங்கிவிட்டது.

கனகசபை வலது மட்கார்டை அளந்தார். அதையே திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்குச் செய்தார். இது நாலாவது.

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வர்றாங்க. அவங்களையே கேளுங்ணா" என்றார் பர்வீன்.

ஹேமாவதி வந்தார். சர்க்கரை வியாதியில் பார்வை போய் ஒன்பது வருடம். கணவர் போய் நாலு வருடம். காரின் வலது பக்கத்தைத் தடவியதும் முகம் மலர்ந்தது.

"இது அவரு பக்கம். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேருமா மெழுகு போடுவோங்க. வலது அவருக்கு, இடது எனக்கு. கண்ணு போன பின்னாலயும் நான் விடலீங்க."

சுற்றி வந்து இடது பக்கம் கை வைத்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"நல்லா வழவழன்னு இருக்குதுங்க. இது யாரோட காருங்க?"

திட்டியிருந்தால்கூடக் கனகசபை தாங்கியிருப்பார்.

பர்வீனைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான இருக்கோணும்?"

"வலதைத் தட்டுனது ஒரு ஆளு. இடதைத் தட்டுனது வேற ஆளுங்ணா."

"அந்த ஆளு செத்து எத்தனை காலமாச்சோ. அவன் செஞ்சதும் நொறுங்கிப் போச்சு. இனி நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?"

பர்வீன் கனகசபையின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். கையைப் பிடித்து அழைத்துப்போய் மட்கார்டின் மேல் வைத்தார். அதன்மேல் ஹேமாவதியின் கையை எடுத்து வைத்தார்.

ஹேமாவதிக்குக் கொஞ்சம் கூச்சம். பிறகு மெல்ல அந்தக் கையை நகர்த்தத் தொடங்கினார்.

"இங்க இத்தனை மேடு வேண்டாங்க. தாழ்ந்து வந்து, லைட்டுகிட்டதான் எந்திரிக்கும்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கனகசபை தட்டுவார், அவர் தடவுவார்.

"இல்லீங்க."

மறுபடியும் தட்டுவார்.

ஒன்பதாம் நாள் ஹேமாவதி அழுதுவிட்டார். "எனக்குத்தான் மறந்துபோச்சோ என்னமோ. அவரு மொகமே இப்பல்லாம் சரியா வர்றதில்லீங்க."

கனகசபைக்கும் கண் கலங்கியது. "கை மறக்காதுங்கம்மா. இன்னொருக்கா பாருங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள்.

கதவில் தொடங்கிய கை லைட் வரைக்கும் போனது. எங்கும் நிற்கவில்லை. திரும்பி வந்தது. மறுபடியும் போய், லைட்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டது.

"தப்புங்களாம்மா?" என்றார் கனகசபை பயந்துகொண்டே.

ஹேமாவதிக்கு அது காதில் விழவில்லை. காரின் வலது பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"ஏனுங்க, எம்பக்கம் ஆச்சு. உங்க பக்கம் முடிஞ்சுதுங்களா?"