உருட்டாத பகடை

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவர் குரு என்று கூப்பிடும் பௌசியாவுக்கு முப்பத்துமூன்று. திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறு மதியங்களில் மாயக்கதை விளையாட்டு நடத்துகிறவள் அவள். ஆளுக்கொரு வேடம் ஏற்று, கதையை வாயால் சொல்லியே ஆடுவார்கள்; நடப்பதை அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள்; விழும் எண்தான் தீர்ப்பு.

பௌசியா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நேராக வரும் நர்ஸ். வரும்போதே பாதி உயிர்தான் இருக்கும்.

அன்று வந்ததுமே மாசிலாமணி சொல்லிவிட்டார். ஐந்து வருடம் முன்பு வேற்று மதத்தில் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், கைக்குழந்தையோடு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“நான் செஞ்சது சரிதானே, குருவே?”

“ஆடலாம் வாங்க சார்,” என்றாள் பௌசியா.

ஆட்டம் முடிந்தது. மற்றவர்கள் போனார்கள். அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“குருவே, என் வேடம் கோட்டை வாசலைக் காக்கிற துறவி. மன்னிக்கிறதுதான் அவன் தர்மம்னு நானே எழுதி வச்சிருக்கேன். அப்புறம் அந்தப் பொண்ணுக்கு அவன் ஏன் கதவைத் திறக்கல?”

“எந்தப் பொண்ணு?”

“அதான், கோட்டையை விட்டு ஓடிப்போனவ. பூதம் துரத்த, திரும்பி வந்தாளே.”

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“போனவ போனவதான்னு.”

பௌசியா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சோர்வு அவள் குரலிலும் இருந்தது.

“மூணு வருஷமா ஒரு வாய்க்காலைத் தாண்டக்கூட பகடை உருட்டுறவரு நீங்க. இன்னிக்கு அந்தக் கோட்டை வாசல்ல நானே பகடையை நீட்டினேன். வேண்டாம்னு தள்ளிட்டு, நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெற்ற மனசு அடித்துக்கொள்ளாமலா இருக்கும்? ஆனால் வீம்பு சும்மா விடுமா?

“வெறும் ஆட்டம்தானே,” என்றார். பிறகு, “அந்த இடத்தை மட்டும் அழிச்சிடுங்க. திரும்ப ஆடுறேன்.”

ஆட்டத்தில் நடந்ததை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை, எல்லோருக்கும் தெரியும். அன்று ரப்பரை எடுத்தாள். நோட்டில் வாசல் காட்சியை வரி வரியாக அழித்துத் தூளை ஊதினாள்.

“இங்க அழிச்சாச்சு சார். மணி ஆறே கால். அங்க பூட்டின கதவு முன்னாடி உங்க பொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா.”