வாசலுக்கு மட்டும் மல்லிகை

கதை சின்னது, கேள்வி பெரிசு. இரண்டாவது தடவை சொல்ல மாட்டேன், கவனமாகக் கேளுங்கள்.

ஓசூரில் ஒரு குழந்தைகள் காப்பகம். தையல் ஆலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பொறுப்பு வசந்தகுமாரி டீச்சர். தரை துடைப்பது மங்கா அக்கா. துடைத்தாயிற்றா என்று அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார்கள். தரை துடைக்கும் திரவத்தின் மல்லிகை வாசம் வந்தால் சுத்தம், வராவிட்டால் அழுக்கு. அவ்வளவுதான் சோதனை.

ஜெசிந்தாவின் மகன் ஆல்வினுக்கு மூன்று வயது. அந்த மல்லிகைத் திரவத்தால் தரை துடைத்தால் அரை மணியில் அவன் நெஞ்சு விசிலடிக்கும். வாசனைக்காகச் சேர்க்கும் ரசாயனம் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும், தள்ளி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெசிந்தா போய், அந்தத் திரவத்தை நிறுத்தும்படி டீச்சரிடம் கேட்டாள்.

"ஒரு புள்ளைக்காக நாப்பது புள்ளைங்கள நாத்தத்துல உக்கார வைக்கவா? மத்த அம்மாங்க என்னை உரிச்சுடுவாங்க!"

அடுத்து மங்கா அக்காவிடம் போனாள்.

"சரி கண்ணு, ஊத்தல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. என் வேலை போயிடும்."

ஜெசிந்தா சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து உள்ளே சோப்புத் தண்ணீர்தான், அழுத்தித் தேய்த்து. வாசல் மிதியடியில் மட்டும் இரண்டு சொட்டு மல்லிகை. எல்லா மூக்குக்கும் திருப்தி. ஆறு வாரம் ஆல்வினுக்கு இளைப்பே இல்லை.

பெற்றோர் கூட்டம் வந்தது. தில்ஷாத் என்ற அம்மா அழுதாள். "எம் பொண்ணுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. வீட்டுலயும் இதே மல்லிகைதான் ஊத்தித் துடைக்கிறேன், அவ்ளோ சுத்தம்!"

ஜெசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. "அதை நிறுத்திப் பாருங்கக்கா! இங்க நிறுத்தி ஆறு வாரமாச்சு, எம் பையனுக்கு இளைப்பே நின்னுடுச்சு."

ஒரு அப்பா எழுந்தார். "அப்ப ஆறு வாரமா இங்க துடைக்கவே இல்லியா?"

டீச்சர் மங்கா அக்கா பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீ வர வேணாம்."

நாற்பது பேருக்காகப் பேசிய டீச்சர், ஏமாற்றிக் காப்பாற்றிய மங்கா அக்கா, சத்தியத்தை உடைத்த ஜெசிந்தா. இதில் யார் செய்தது சரி?

விடை: எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று மழுப்பாதீர்கள். ஜெசிந்தா செய்ததுதான் சரி. ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்போது வாயை மூடச் சொல்லும் சத்தியம் உடையட்டும். ஆனால் பழியை மங்கா அக்கா தலையில் கட்டிவிட்டு ஜெசிந்தா கிளம்பிப் போயிருந்தால் அவள் செய்ததும் தப்புதான். போகவில்லை. "கையால தேச்சுப் பாருங்க" என்று மொத்தக் கூட்டத்தையும் தரையில் உட்கார வைத்தாள். ஒரு கையிலும் அழுக்கு ஒட்டவில்லை. கடைசியாக டீச்சரும் குனிந்து தேய்த்தார், உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மங்கா, நாளைக்கு நேரத்துக்கு வந்துடு."