அமலி வீட்டு வீணாண்டி

ஒரு ஊர்ல ஒரு சத்தம் இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் சத்தம். பொழுது அடைஞ்சு விளக்குப் போட்டா போதும், "மொச்சு... மொச்சு... மொச்சு"ன்னு கேக்கும். எலியான்னா எலி இல்ல. எலி இவ்வளவு ருசிச்சுத் தின்னாது. பூனையான்னா பூனையும் இல்ல. பூனை தின்னு முடிச்சு ஏப்பம் விடாது. இது விட்டுச்சு. "ஏவ்வ்வ்!"

என்ன, போர்வைக்குள்ள போயிட்ட? தலையை வெளிய நீட்டு. "ம்" சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

அந்தச் சத்தம் கேட்டது அமலி வீட்ல. அமலி கடற்கரை ஊர்க்காரி. ஒத்தை அறை வீடு, இடுப்புல ஒரு கைப்பிள்ளை. பிள்ளை பேரு பிலோமி. புருஷன் கஸ்பார் விசைப்படகுல மீன் பிடிக்கப் போறவன். ஆனா அப்போ தடைக்காலம். மீனெல்லாம் முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற மாசம், விசைப்படகு எதுவும் கடல்ல இறங்கக் கூடாது. படகெல்லாம் வரிசையா கரையில கட்டிக் கிடந்துச்சு. கஸ்பார் மலைப்பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வேலை தேடிப் போனான். போகும்போது ஒரு தகர டிரம்ல அரிசி, ஒரு சிலிண்டர், கொஞ்சம் பருப்பும் கடலையும், எண்ணெய் பாக்கெட் ரெண்டு, அவ்வளவுதான் வச்சுட்டுப் போனான். "படகு திரும்ப இறங்குற வரைக்கும் இதுதான், பாத்துக்கோ"ன்னான்.

பாத்துக்கலேன்னா? அமலிக்கு ஒரு அண்ணன் உண்டு, செபத்தியான். பக்கத்து ஊர்ல பெரிய வீடு, பெரிய தொழுவம். அந்த வீட்ல ஒரு மதினியும் உண்டு. மதினி முன்னாடியே ஆள் விட்டுச் சொல்லிட்டா: "அரிசி தீந்துட்டா வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்திரச் சொல்லு. எருமைக்குச் சாணி அள்ளுறவ நின்னுட்டா." அது விருந்துக்குக் கூப்பிடுற கூப்பாடு இல்லன்னு அமலிக்குத் தெரியும். ஒரு தரம் பூட்டிட்டுப் போனா, திரும்பி வந்து அந்தப் பூட்டைத் திறக்கிறது லேசு இல்ல.

அப்போ அமலி என்ன செஞ்சா? விளக்கைத் தூக்கிட்டு அடுப்புப் பக்கம் போய்ப் பாத்தா. அங்க ஒண்ணு உக்காந்திருந்துச்சு. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவுல பூசணிக்காயாட்டம் வயிறு.

"யாரு நீ?"

"வீணாண்டி."

"எங்க வீட்ல உனக்கு என்ன சோலி?"

"திங்கிறதுதான்."

"எங்க அரிசியைத் தின்னுட்டியா?"

"சீ, சீ! திருட்டுச் சோறு எனக்குச் செமிக்காது தாயி. வீணாப் போறதை மட்டும்தான் தின்பேன்."

"இங்க எது வீணாப் போகுது? எங்களுக்கே காணல!"

வீணாண்டி வயித்தைத் தட்டிக் காட்டுச்சு. டம், டம். "அப்போ இது என்ன, காத்தா?"

அப்புறம் அது நாளுக்கு நாள் வளந்துச்சு. பூசணிக்கா பானை ஆச்சு, பானை டிரம் ஆச்சு. ஒத்தை அறை வீடு, பாவம், எங்க கொள்ளும்? ஒரு காலை நீட்டி வாசப்படிக்கு வெளிய போட்டுக்கிட்டுச்சு. அதனால கதவு சாத்த முடியல. கதவு சாத்தலேன்னா தாழ் எப்படிப் போட? கடக்காத்து உள்ள வந்துச்சு, தெரு நாய் மோந்து பாத்துச்சு. அமலி பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு, சுவர்ல சாஞ்சு, வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா.

"காலை எடு"ன்னா.

"எடுத்து எங்க வைக்க? நீ போடுற தீனி அப்படி. ஒரு நாள் முழுக்க எனக்கு ஒண்ணும் கிடைக்கலேன்னா நானே எந்திரிச்சுப் போயிருவேன். எனக்கும் மானம் உண்டு."

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

சரி. அமலி சமைக்கிற மாதிரி சமைச்சுக்கிட்டே ஓரக்கண்ணால பாத்தா. அப்போதான் தெரிஞ்சுச்சு. சின்னச் சட்டிக்குப் பெரிய தீ. சட்டியைத் தாண்டி வெளிய எரிஞ்ச தீயை வீணாண்டி பிச்சுப் பிச்சு வாயில போட்டுச்சு, லபக், லபக். சட்டிக்கு மூடி இல்ல. புஸ்ஸுன்னு போன ஆவியை உறிஞ்சிச்சு. ஊறாத கடலை வெந்துக்கிட்டே கிடந்துச்சு, அந்த நேரமெல்லாம் அதுக்குப் பந்தி.

மறுநாள் அமலி விடியும்போதே கடலையை ஊறப் போட்டா. தீயைச் சட்டி அடிக்குள்ள அடக்கினா. மூடி போட்டா. அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் அடுப்பை அணைச்சு, பானையை அப்படியே பழைய கம்பளியில சுத்தி மூலையில வச்சுட்டா. பக்கத்து வீட்டு ரெஜினாக்கா எட்டிப் பாத்தா.

"ஏளா, பானைக்குக் காய்ச்சலா?"

"ஆமாக்கா, வேர்க்க விட்டிருக்கேன்."

"நல்லா வேர்க்கட்டும். மாத்திரை வேணும்னா சொல்லு, எங்க வீட்ல கிடக்கு."

கம்பளியைப் பிரிச்சா சோறு பூவா வெந்திருந்துச்சு. வடிச்ச கஞ்சியில பிலோமிக்கு ஒரு கிண்ணம். வீணாண்டி அடுப்பைச் சுத்திச் சுத்தி வந்து மோந்துச்சு. ஒண்ணும் இல்ல. வயிறு கொஞ்சம் வத்திச்சு. ஆனா கால்? கால் வாசல்லயேதான்.

அப்புறம் அது பாத்திரம் கழுவுற அங்கணத்துக்குப் போய்ப் படுத்துக்கிட்டு வாயைத் திறந்து வச்சுக்கிட்டுச்சு. அந்த ஊர்ல கிணத்துத் தண்ணி உப்பு. நல்ல தண்ணி வண்டியில வரும், குடம் குடமா விலைக்கு வாங்கணும். அமலி அரிசி களைஞ்சு ஊத்தினா, கடகடகட. பாத்திரம் அலசி ஊத்தினா, கடகடகட. பிலோமி ஒரு வாய் குடிச்சுட்டு வச்ச டம்ளர் தண்ணியும் அதுக்குத்தான்.

மறுநாள்லேருந்து அரிசி களைஞ்ச தண்ணியில புளி ஊறுச்சு. மிச்சம் இருந்ததுல பாத்திரத்தை முதல் அலசு அலசினா. அந்த அழுக்குத் தண்ணி கொல்லையில உடைஞ்ச வாளியில இருந்த கீரைக்குப் போச்சு. தீந்துபோன எண்ணெய் பாக்கெட்டை ஆணியில கவுத்து மாட்டி, சொட்டு, சொட்டு, சொட்டுன்னு வடிச்சா, ஒரு தாளிப்புக்கு ஆச்சு. தேஞ்சுபோன சோப்புத் துண்டை ஈரத்தோட புது சோப்பு முதுகுல ஒட்ட வச்சா. மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வச்சா, காலையில அதான் ஆகாரம்.

ரெஜினாக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிச்சா. "அமலி, வெயிலு மிச்சமாக் கிடக்கே, அதையும் மடிச்சு வச்சிரேன்!"

"மடிச்சு வச்சா மழைக்காலத்துல நீங்கதான் முதல்ல கேட்டு வருவீங்க."

வீணாண்டி மெலிஞ்சு ஆட்டுக்குட்டி அளவு ஆச்சு. அமலிக்குக் கொஞ்சம் பெருமை வந்துச்சு. பெருமை வந்ததும் என்ன செஞ்சா தெரியுமா? கண்ணுல பட்டதை எல்லாம் எடுத்து டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்ட ஆரம்பிச்சா. வீடு மந்திரிச்சு ஜெபிக்க ஃபாதர் வந்தா கொடுக்கன்னு பிஸ்கட் டப்பா. திருநாளைக்குப் போடன்னு பிலோமிக்கு ஞானஸ்நானத்தப்போ ஞானத்தாய் எடுத்த சரிகைக் கவுன். கஸ்பார் வந்தா வறுக்கன்னு நல்ல நெய்மீன் கருவாடு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்துப் போடுறது அவ அம்மா பழக்கிவிட்டது. கல்யாணம் ஆனதுலேருந்து சேந்த அந்தப் பிடியரிசித் தவலையும் உள்ள. "இது ஆபத்துக்கு. தொடக் கூடாது"ன்னு சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு, அமலி அரை வயித்துக் கஞ்சி குடிச்சா.

இப்போ வீணாண்டி செத்துச் சுண்ணாம்பா ஆகணும்ல? ஆகல. அது திரும்ப ஊதிச்சு! அடுப்புல ஒண்ணும் இல்ல, அங்கணத்துல ஒண்ணும் இல்ல, ஆனா மொச்சு மொச்சுன்னு மெல்லுது. ஆட்டுக்குட்டி ஆடு ஆச்சு, ஆடு கன்னுக்குட்டி ஆச்சு. இன்னொரு காலும் வாசலுக்கு வெளிய போச்சு. டிரம்ல அரிசி அடியத் தொட்டுருச்சு. படகு இறங்க இன்னும் சில நாள் கிடக்கு. அண்ணன் நாளைக்குச் சாயங்காலம் பூட்டோட வாரான்னு வேற சேதி வந்துச்சு.

"நான் எதையப்பா வீணாக்குனேன்?"ன்னு அமலி கத்தினா. "நானே அரை வயிறு குடிக்கேன்! எல்லாத்தையும் ஆபத்துக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்!"

வீணாண்டிக்கு வயிறு நிறைஞ்ச மப்பு. மப்புல வாய் நிக்காது, உனக்குத் தெரியுமே. "அரிசி தீந்துட்டு. அண்ணன் வாரான். நான் வாசல்ல ரெண்டு காலையும் நீட்டிக் கிடக்கேன்"ன்னு விரல் விட்டு எண்ணுச்சு. "இன்னும் எந்த ஆபத்து வரணும்னு பாத்துக்கிட்டிருக்க தாயி?" சொல்லிட்டு விரலை நக்குச்சு. விரல் நுனியில ஒரு கருப்பு வண்டு.

அரிசி வண்டு.

அமலி ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தா. கொறு கொறு கொறுன்னு தவலை முழுக்க வண்டு. கருவாட்டுல பூச்சி ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. கவுனை எடுத்துப் பிலோமிக்குப் போட்டுப் பாத்தா, கை நுழையல. பிள்ளை வளந்துட்டா, கவுன் வளரல. எடுத்து வச்சதெல்லாம் எடுத்து வச்ச இடத்துலயே வீணாப் போய்க்கிட்டு இருந்துச்சு. அமலி அழல. சாவியை எடுத்து ஜன்னல்ல வச்சா.

ம் சொல்லு.

"...ம்."

மறுநாள் காலையில வாசல்ல பாயை விரிச்சு அரிசியைக் கொட்டினா. வெயில் ஏற ஏற வண்டெல்லாம் எடுத்துச்சு ஓட்டம், குடுகுடுகுடு. முறத்துல போட்டுப் புடைச்சா, சர்ர்ர், சர்ர்ர். ஒவ்வொரு பிடியாப் போட்டது ஒரு மேடா நின்னுச்சு. படகு இறங்குற நாள் வரைக்கும் தாராளம். புடைச்ச குருணை ரெஜினாக்கா கோழிக்கு. கவுன் அவ பேத்திக்கு.

"ஏளா, இவ்வளவு நல்ல கவுனை எனக்கு ஏன் தாற?"

"பெட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சுக்கா. உங்க பேத்தி போடட்டும்."

ரெஜினாக்கா சும்மா போவாளா? கரைவலையில கிடைச்ச நண்டு ஒரு கை, முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டாந்து வச்சுட்டுப் போனா. நல்லா இருந்த கருவாட்டைத் தட்டித் துடைச்சு வறுத்தாச்சு. அன்னைக்கு அமலி வயிறு முட்டச் சாப்பிட்டா. வீணாண்டி பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்துச்சு. காலி. கன்னுக்குட்டி பூனை ஆச்சு, பூனை எலி ஆச்சு.

சாயங்காலம் செபத்தியான் வந்தான். கையில தேங்கா அளவுக்குப் புதுப் பூட்டு.

"உன் மதினி கொடுத்து விட்டா. பூட்டிட்டுப் புறப்படு."

"சாவி எங்கண்ணே?"

"ரெண்டு சாவியும் அவகிட்டதான் இருக்கு." சொல்லும்போது அவன் அமலி முகத்தைப் பாக்கல.

"உக்காருண்ணே, காப்பி போடுறேன்." கடுங்காப்பி போட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து தட்டுல அடுக்கினா.

"ஃபாதருக்குன்னு எடுத்து வைக்கிறதாச்சே?"

"ஃபாதர் வரும்போது பாத்துக்கலாம். இப்போ நீதான் வந்திருக்க."

செபத்தியான் கறுக் கறுக்குன்னு கடிச்சான். பாய்ல கிடந்த அரிசியைப் பாத்தான், கம்பளிக்குள்ள இருந்த பானையைப் பாத்தான், மடியில கொழுக் மொழுக்னு உக்காந்திருந்த பிலோமியைப் பாத்தான்.

"அப்போ நீ வரல."

"வரல."

"மதினிட்ட என்ன சொல்ல?"

"சாணி அள்ள வேற ஆளைப் பாக்கச் சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. வீட்ல போய் இதை எப்படிச் சொல்றதுன்னு நினைச்சதும் சிரிப்பு நின்னுருச்சு. கடைசி பிஸ்கட்டைப் பாதி கடிச்சு, மீதியைத் தட்டுலயே போட்டுட்டு எந்திரிச்சான். பெரிய வீட்டுப் பழக்கம். எலி அளவு இருந்த வீணாண்டி துள்ளிக் குதிச்சு வந்துச்சு. அதுக்குள்ள அமலி அந்தப் பாதியை எடுத்துத் தன் வாயில போட்டுக்கிட்டா.

அவ்வளவுதான். வீணாண்டி கொசு அளவு ஆயிருச்சு. ஆனா யோசிச்சுச்சு: இந்த ஆள் இங்கயே பாதியை வச்சுட்டுப் போறான்னா, இவன் வீட்ல தினமும் என்னவெல்லாம் கிடைக்கும்! ஜிவ்வுன்னு பறந்து செபத்தியான் தோள்ல உக்காந்துக்கிட்டுச்சு.

"என்னமோ தோள் கனக்குதே"ன்னான் அவன்.

"பூட்டு கனம்ணே. மதினிட்டயே கொடுத்திரு."

அவன் தெரு முனை திரும்பினான். வாசல்ல காலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ம்?

சத்தமே காணோம். சரி, தூங்கு. கதையும் கண்ணை மூடிக்கிட்டுச்சு. அமலி பிலோமியைப் பாயில கிடத்தினா, கதவை இழுத்துச் சாத்தினா, உள்பக்கமா நின்னு தாழைப் போட்டா. டக்.